கூடப்பிறந்தவரின் சிறுநீரகத்தையும் உடல் ஏன் எதிர்க்கிறது?

சிறுநீரகம் மாற்றிப் பொருத்தப்பட்ட ஒருவருக்கு "கிட்னி ரிஜெக்ட் ஆகிவிட்டதாம்" என்று செய்தி வந்ததும், யாழ்ப்பாணத்தில் உறவுக்காரர் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். இரத்த வகை பொருந்தியதுதானே? கொடுத்தது கூடப்பிறந்த தம்பிதானே? அப்படியென்றால் ஒப்பரேசன் பிழைத்துவிட்டதா? கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வந்து சிறுநீரகம் கொடுத்துவிட்டுப் போன சகோதரருக்கும் இதே கவலைதான்: என்னுடையது ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

சத்திரசிகிச்சை எந்தக் குறையும் இல்லாமல் முடிந்திருக்கலாம். கொடுத்த சிறுநீரகமும் நல்ல நிலையில் இருந்திருக்கலாம். அப்படியிருந்தும் நிராகரிப்பு வரும். அதைச் செய்வது நோயாளியின் சொந்த நிர்ப்பீடனக் கலங்கள். கிருமிகளிடமிருந்து அவரை இதுவரை காத்துவந்த அதே கலங்கள் அதே வேலையைத்தான் இங்கேயும் செய்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன என்று விளங்கினால், குளிசைகளை ஏன் ஆயுள் முழுவதும் நேரம் தவறாமல் எடுக்கவேண்டும் என்பதும் விளங்கும்.

இரத்த வகைக்கு மேலே இன்னொரு பொருத்தம்

ஏ, பீ, ஓ இரத்த வகைப் பொருட்கள் செங்குழியங்களில் மட்டும் இருப்பவை அல்ல. சிறுநீரகத்தின் குருதிக் கலன்களின் உட்சுவரிலும் அவை உண்டு. நம்மிடம் இல்லாத வகைக்கு எதிரான பிறபொருளெதிரிகள் (அந்நியப் பொருளில் ஒட்டி அதைத் தாக்கும் புரதங்கள்) சிறுவயதிலிருந்தே நம் குருதியில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இரத்த வகை முதலில் பார்க்கப்படுகிறது. இரத்த தானத்தில் முக்கியமான பொசிற்றிவ், நெகற்றிவ் வேறுபாடு சிறுநீரக மாற்றில் தடையாவதில்லை.

இரத்த வகை முதற்படி மட்டுமே. அடுத்தது எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்கள். உடலில் கருவுள்ள கலங்கள் ஏறக்குறைய எல்லாவற்றின் மேற்பரப்பிலும் இவை இருக்கின்றன. கலத்துக்குள் உடைபடும் புரதங்களின் சிறு துண்டுகளை ஏந்தி வெளியே காட்டுவதே இவற்றின் வேலை. வைரசு புகுந்த கலம் வைரசின் துண்டைக் காட்டும். அதைக் கண்டு நிர்ப்பீடனக் கலம் அந்தக் கலத்தை அழிக்கும்.

எச்.எல்.ஏ. பரம்பரையலகுகள் 6ஆம் நிறமூர்த்தத்தில் நெருக்கமாக அமைந்திருப்பதால் ஒரே கட்டாகவே பிள்ளைக்குப் போகின்றன: தாயிடமிருந்து ஒரு கட்டு, தந்தையிடமிருந்து ஒரு கட்டு. ஆகவே பெற்றோருக்கும் பிள்ளைக்கும் எப்போதும் பாதிப் பொருத்தம். கூடப்பிறந்த இருவர் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு 4இல் 1, பாதி பொருந்தும் வாய்ப்பு 4இல் 2, எதுவுமே பொருந்தாத வாய்ப்பும் 4இல் 1. கூடப்பிறந்தவர் என்பதற்காக முழுப் பொருத்தம் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. வழக்கமான பரிசோதனையில் ஏ, பீ, டீஆர் என்ற மூன்று எச்.எல்.ஏ. இடங்களில் இரண்டிரண்டாக ஆறு அடையாளங்கள் ஒப்பிடப்படும். ஆறும் பொருந்தினாலும் குளிசை வேண்டும். பார்க்கப்படாத வேறு வேற்றுமைகள் ஏராளமாக இருக்கின்றன.

விதிவிலக்கு ஒரே உருவ இரட்டையர். 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோசப் மறே தலைமையில் நடந்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அப்படிப்பட்ட இரட்டையருக்கிடையில்தான் நடந்தது. சிறுநீரகத்தை எடுக்கமுன் ஒருவரின் தோல் துண்டை மற்றவர் மேல் ஒட்டிப் பார்த்தார்கள். அது உதிராமல் நின்றதும்தான் சத்திரசிகிச்சைக்குத் துணிந்தார்கள்.

பொருத்திய நாளிலேயே தொடங்கும் காயம்

கொடுப்பவரின் உடலிலிருந்து வெட்டியெடுத்த கணத்தில் சிறுநீரகத்துக்கு ஒட்சிசன் நின்றுவிடுகிறது. குளிர்ந்த திரவத்தால் கழுவி, பனிக்கட்டியில் வைத்துக் காத்தாலும் கலங்கள் சில சேதமடையும். புதிய உடலில் குருதி மீண்டும் பாயும்போது அந்தச் சேதம் இன்னும் கூடுகிறது. சேதப்பட்ட கலங்கள் கசியவிடும் பொருட்களை நடுநிலைநாடிகள், பெருந்தின்குழியங்கள் என்ற வெண்குழியங்கள் ஆபத்துக் குறியாக எடுத்துக்கொண்டு உள்ளே நுழைகின்றன. இவை ஆளை அடையாளம் பார்ப்பவை அல்ல. எங்கே காயமோ அங்கே வருபவை. ஆனால் இவை வந்து மூட்டிய அழற்சி, அடுத்து வரப்போகும் ரீ கலங்களுக்கு வழி திறந்துவிடுகிறது.

உயிரோடு உள்ளவர் கொடுத்த சிறுநீரகம் இங்கேதான் முந்திக்கொள்கிறது. பக்கத்துச் சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து வரும் உறுப்பு குளிரில் கிடக்கும் நேரம் மிகக் குறைவு. மூளைச்சாவடைந்தவரின் உறுப்பு பல மணிநேரம் கிடந்து வரக்கூடும். மூளைச்சாவே உறுப்புகளில் அழற்சியைக் கூட்டிவிட்டிருக்கும். எச்.எல்.ஏ. பொருந்தாத கணவன் மனைவிக்கிடையிலான மாற்றுகளும் நன்றாக நிலைப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ரீ கலம் விழித்துக்கொள்ளும் விதம்

நிராகரிப்பின் நடுநாயகம் ரீ கலம். என்பு மச்சையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமசுச் சுரப்பியில் பயிற்சி பெறும் வெண்குழியம் இது. தன் உடலை எதிர்க்கும் ரீ கலங்கள் பெரும்பாலும் அங்கேயே அழிக்கப்படுகின்றன. ஆனால் தம்பியின் எச்.எல்.ஏ. எப்படியிருக்கும் என்று அந்தச் சுரப்பிக்குத் தெரியாது. அதற்கெதிரான கலங்களைக் களைய வழியே இல்லை. எதிர்ப்பு இவ்வளவு பலமாக வருவதற்கு அடிப்படை இதுதான். சாதாரணமாக ஒரு கிருமியின் துண்டை இனங்காணும் ரீ கலம் ஒரு இலட்சத்தில் ஒன்றாகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். இன்னொரு மனிதரின் எச்.எல்.ஏ.யைக் கண்டு எழும் ரீ கலங்களோ நூற்றுக்கு 1 முதல் 10 வரை.

நடப்பது இந்த ஒழுங்கில்:

1. கொடுத்தவரின் வெண்குழியங்கள் சிறுநீரகத்தோடு சேர்ந்து வருகின்றன. அவற்றில் கிளைகள் கொண்ட டென்றிற்றிக் கலங்கள் முதல் நாட்களிலேயே சிறுநீரகத்தை விட்டுப் புறப்பட்டு, நோயாளியின் நிணநீர்க் கணுக்களுக்கும் மண்ணீரலுக்கும் போகின்றன. நோயாளியின் ரீ கலங்கள் கூடியிருக்கும் இடம் அது. அங்கே அந்நிய எச்.எல்.ஏ. நேருக்கு நேர் அறியப்படுகிறது. இது நேரடி அறிதல்.

2. நோயாளியின் சொந்த டென்றிற்றிக் கலங்களும் சும்மா இருப்பதில்லை. புதிய உறுப்பிலிருந்து உதிரும் புரதங்களை விழுங்கி, துண்டாக்கி, தம் எச்.எல்.ஏ. மேல் வைத்துக் காட்டுகின்றன. இது மறைமுக அறிதல். கொடுத்தவரின் டென்றிற்றிக் கலங்கள் சில வாரங்களில் தீர்ந்துபோகும். இந்த வழி மட்டும் உறுப்பு உடலில் உள்ளவரை அடைபடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் மெல்ல நடக்கும் சேதத்துக்கு இதுவே பெரிய காரணம்.

3. அந்நிய எச்.எல்.ஏ.யைப் பிடிப்பது முதலாவது சமிக்ஞை மட்டுமே. ரீ கலத்தின் சி.டி.28 என்ற கொளுவியை எதிர்க்கலத்தின் சி.டி.80 அல்லது சி.டி.86 பிடிக்கவேண்டும். அது இரண்டாவது. முதலாவது மட்டும் கிடைத்த ரீ கலம் செயலிழந்துவிடும். அழற்சியுள்ள இடத்தில் இந்த இரண்டாவது சமிக்ஞை தாராளமாகக் கிடைக்கிறது. முதல் நாளின் காயம் இவ்வளவு முக்கியமாவது அதனால்தான்.

4. இரண்டும் கிடைத்த ரீ கலத்துக்குள் கல்சியம் ஏறி, கல்சினியூரின் என்ற நொதியம் இயங்கி, இன்ரலூக்கின் 2 என்ற புரதம் சுரக்கிறது. அந்தப் புரதமே திரும்பிவந்து கலத்தைப் பெருகச் செய்கிறது. இது மூன்றாவது சமிக்ஞை. ஒன்று இரண்டாகி, நான்காகி, சில நாட்களில் பெரும் படையாகிவிடும்.

5. படை சிறுநீரகத்துக்குத் திரும்புகிறது. சி.டி.8 வகை ரீ கலங்கள் இலக்குக் கலத்தோடு ஒட்டிக்கொண்டு, பேர்போரின் என்ற புரதத்தால் துளையிட்டு, கிரான்சைம் நொதியங்களை உள்ளே செலுத்தி அதைச் சாகச் செய்கின்றன. சி.டி.4 வகை, உதவிக் கலம். அது பெருந்தின்குழியங்களைத் தூண்டுகிறது. பீ கலங்கள் என்ற இன்னொரு வகை வெண்குழியங்களைப் பிறபொருளெதிரி ஆக்கவும் வைக்கிறது. சி.டி.4 இல்லாவிட்டால் இந்தத் தாக்குதல் பெரும்பாலும் உருவாகவே மாட்டாது.

இவற்றோடு, தாக்குதலை அடக்கும் ஒழுங்காக்கும் ரீ கலங்கள் என்ற சிறு கூட்டமும் உண்டு. அவற்றைப் பெருக்கி நோயாளிக்கே திருப்பிக் கொடுக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. கிளினிக்கில் இன்று கைகொடுப்பவை குளிசைகளே.

பீ கலங்களும் குறுக்குப் பொருத்தமும்

பீ கலங்கள் பிளாஸ்மாக் கலங்களாக மாறிச் சுரப்பவை பிறபொருளெதிரிகள். அந்நிய எச்.எல்.ஏ.க்கு எதிரானவை நோயாளியின் குருதியில் ஏற்கெனவே இருந்தால், கவ்விகளை எடுத்துக் குருதியை விட்ட சில நிமிடங்களிலேயே சிறுநீரகம் நீலம்பாரித்துத் தளர்ந்துவிடும். குருதிக் கலன்களின் உட்சுவரில் அவை ஒட்டி, குருதியிலுள்ள கொம்பிளிமென்ற் புரதங்களை ஏவி, கலன்கள் எங்கும் குருதியை உறையவைக்கின்றன. இதுவே அதிதீவிர நிராகரிப்பு. இதற்குச் சிகிச்சை இல்லை, உறுப்பை எடுத்துவிடவேண்டியதுதான்.

இன்று இது மிக அரிதாகிவிட்டதற்குக் காரணம் குறுக்குப் பொருத்தம் என்ற பரிசோதனை. கொடுப்பவரின் குருதியிலிருந்து நிணநீர்க்குழியங்களைப் பிரித்தெடுத்து, பெறுபவரின் நீர்ப்பாயத்தோடு (குருதியின் தெளிந்த நீர்ப்பகுதியோடு) கலந்து, முயலின் கொம்பிளிமென்றையும் சேர்த்து, சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். செத்த கலம் சாயத்தை உறிஞ்சும். கலங்கள் செத்திருந்தால் அந்த இணைக்கு மாற்று இல்லை. 1969இல் ஆய்வாளர்கள் பட்டேலும் தெரசாக்கியும் வெளியிட்ட கணக்கு இன்றும் மறக்கக்கூடாதது. இந்தப் பரிசோதனையில் எதிர்ப்புக் காட்டிய 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனே பழுதானது. எதிர்ப்புக் காட்டாத 195 பேரில் அப்படியானது 8 பேருக்கு மட்டும்.

இந்தப் பிறபொருளெதிரிகள் எங்கிருந்து வருகின்றன? மூன்று வழி: முன்பு ஏற்றிய இரத்தம், கர்ப்பம், முந்தைய உறுப்பு மாற்று. கர்ப்பத்தில் குழந்தையின் கலங்கள் தாயின் குருதிக்குள் வருகின்றன, குழந்தையின் எச்.எல்.ஏ.யில் பாதி தகப்பனுடையது. ஆகவே பிள்ளை பெற்ற மனைவிக்குக் கணவர் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தால் இந்தப் பரிசோதனையைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கவேண்டும்.

இரத்தம் ஏற்றுவது பற்றி இங்கே அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. டயலிசிஸ் செய்பவருக்கு ஈமோகுளோபின் குறைவது வழமை. "ஒரு பைன்ற் இரத்தம் ஏற்றினால் தெம்பு வரும்" என்று வீட்டார் கேட்பதும் உண்டு. மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு அந்த ஒவ்வொரு பையும் ஒரு புது அந்நியரின் எச்.எல்.ஏ.யை நிர்ப்பீடனத் தொகுதிக்கு அறிமுகம் செய்துவைக்கிறது. உயிராபத்து என்றால் ஏற்றத்தான் வேண்டும். மற்றப்படி செங்குழியங்களைப் பெருக்கும் எரித்ரோபொயற்றின் ஊசியும் இரும்புச்சத்தும் முதலில் வரவேண்டும். ஏற்றினால் அந்தத் திகதி கிளினிக் கொப்பியில் எழுதப்படவேண்டும், ஏனென்றால் அதன் பிறகு பிறபொருளெதிரிகளை மறுபடி அளக்கவேண்டும்.

நோவு இல்லாமல் வரும் நிராகரிப்பு

ரீ கலங்கள் நடத்தும் தீவிர நிராகரிப்பு பெரும்பாலும் முதல் வாரம் கடந்து முதல் சில மாதங்களுக்குள் வரும். மருந்து தவறினால் எத்தனை ஆண்டு கழிந்தும் வரும். பழைய புத்தகங்களில் காய்ச்சல், பொருத்திய இடத்தில் வீக்கம், நோவு, சிறுநீர் குறைதல் என்று அறிகுறிகள் எழுதப்பட்டிருக்கும். இன்றைய மருந்துகள் அவற்றையெல்லாம் மூடிவிடுகின்றன. பலருக்கு ஒரே அறிகுறி, சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவுப்பொருளான கிரியற்றினின் குருதியில் ஏறுவதுதான். வழமையாக டெசிலீற்றருக்கு 1.2 மில்லிகிராம் உள்ளவருக்கு 1.5 வந்தால், "நோர்மலுக்குக் கிட்டத்தானே" என்று விடக்கூடாது. அது அவருடைய சொந்த அளவிலிருந்து 25 வீத ஏற்றம். காரணம் தேடவேண்டிய ஏற்றம். ஆகவே தன்னுடைய வழமையான அளவு எது என்பதை நோயாளியும் வீட்டில் ஒருவரும் மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும்.

நீர் வற்றியதாலும், சிறுநீர்க்குழாய் அடைபட்டதாலும், மருந்து கூடியதாலும்கூட கிரியற்றினின் ஏறலாம். வேறுபிரிக்க பயொப்சி தேவை. புதிய சிறுநீரகம் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், தோலுக்குக் கிட்ட இருக்கிறது. ஸ்கானில் பார்த்தபடி, விறைக்கவைத்து, ஊசியால் நூல்போன்ற ஒரு துண்டை எடுப்பார்கள். நம்பித் தீர்ப்புச் சொல்ல அதில் குறைந்தது 10 கலன்கோளங்களும் (குருதியை வடிகட்டும் நுண்ணிய கலன் முடிச்சுகள்) 2 நாடிகளும் இருக்கவேண்டும். நோயியலாளர் பார்ப்பது இதை: சிறுகுழாய்களின் சுவருக்குள் நிணநீர்க்குழியங்கள் புகுந்திருக்கின்றனவா, ஒரு குறுக்குவெட்டில் எத்தனை? 1 முதல் 4 வரை முதற்தரம், 5 முதல் 10 வரை இரண்டாந்தரம், 10க்கு மேல் மூன்றாந்தரம். கனடாவின் பான்ப் நகரில் 1991இல் கூடிய வல்லுநர்கள் தொடக்கிவைத்த வகைப்படுத்தல் இது. மயிர்த்துளைக் கலன்களில் சி4டி என்ற கொம்பிளிமென்ற் எச்சம் படிந்திருந்தால் பிறபொருளெதிரிகள் தாக்குகின்றன என்று பொருள்.

இந்த வேறுபாடு சிகிச்சையையே மாற்றிவிடும். ரீ கல நிராகரிப்புக்கு மீதைல்பிரட்னிசொலோன், பொதுவாக நாளுக்கு 500 மில்லிகிராம் வீதம் 3 நாள் நாளத்தில் ஏற்றினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் ரீ கலங்களையே அழிக்கும் ஏரிஜி. பிறபொருளெதிரி நிராகரிப்புக்கு பிளாஸ்மா மாற்றும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்துப் பார்ப்பார்கள். பலன் அவ்வளவு உறுதியில்லை. நாட்பட்ட நிராகரிப்பில் இழையம் நாராகித் தழும்பேறிவிடும். அதைத் திருப்பமுடியாது.

குளிசைகள் எந்த இடத்தில் தடுக்கின்றன

சத்திரசிகிச்சை நாளிலும் நான்காம் நாளிலும் 20 மில்லிகிராம் வீதம் போடப்படும் பசிலிக்சிமாப் ஊசி, இன்ரலூக்கின் 2 வந்து ஒட்டும் இடத்தை அடைக்கிறது. ரக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டும் (ஒருவருக்கு இவற்றில் ஒன்றுதான்) கல்சினியூரினை நிறுத்துகின்றன. இரண்டுமே மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்து கிடைத்தவை: முன்னது யப்பான் மண்ணிலிருந்த ஒரு பக்றீரியாவிலிருந்து, பின்னது நோர்வே மண்ணிலிருந்த ஒரு பங்கசிலிருந்து. மைக்கோபினோலேற், பிரியத் துடிக்கும் நிணநீர்க்குழியத்துக்கு டிஎன்ஏ மூலப்பொருள் கிடைக்காமல் செய்கிறது. பிரட்னிசொலோன் பல இடங்களில் அழற்சியைத் தணிக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு படியில் நிற்பதால்தான் மூன்று குளிசை. ஒன்றை நிறுத்தி மற்றதைக் கூட்டி ஈடுகட்ட நோயாளி தானாக முடிவெடுக்கக்கூடாது.

இவை எதுவும் ரீ கலங்களின் அறிவை அழிப்பதில்லை. வேலையை மட்டும் நிறுத்திவைக்கின்றன. மருந்தின் அளவு இறங்கியதும் வேலை மறுபடி தொடங்கும்.

எங்கே பிழைக்கிறது

ரக்ரோலிமசுக்கு இடம் மிகக் குறுகியது. குறைந்தால் நிராகரிப்பு, கூடினால் கைநடுக்கம், சீனி ஏற்றம், சிறுநீரகத்துக்கே நஞ்சு. ஆரம்ப மாதங்களில் மில்லிலீற்றருக்கு 8 முதல் 12 நனோகிராம், பிறகு 5 முதல் 8 என்பது பொதுவான இலக்கு. ஒவ்வொருவருக்கும் வைத்தியர் குறிப்பதே முடிவு. நடைமுறையில் பிழைக்கும் இடங்கள் இவை:

1. குருதி எடுக்கும் நேரம். காலைக் குளிசை எடுக்கமுன், முந்தைய குளிசைக்குச் சரியாக 12 மணிநேரம் கழித்து எடுக்கவேண்டும். பழக்கத்தில் குளிசையை விழுங்கிவிட்டு கிளினிக்குக்கு வந்தால் முடிவு பொய்யாக உயர்ந்திருக்கும். அதைப் பார்த்து அளவைக் குறைத்தால் ஆபத்து.

2. பெயர் மாறுவது. இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கிடைத்ததை வாங்கும் பழக்கமும் வந்தது. வேறு கொம்பனியின் ரக்ரோலிமஸ் என்றால் ஒரு வாரத்துக்குள் அளவை மறுபடி பார்க்கவேண்டும். நாளுக்கு இருமுறை எடுப்பதும், மெதுவாகக் கரையும் ஒருமுறைக் குளிசையும் ஒன்றுக்கொன்று மாற்றீடு அல்ல. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பெட்டியில் இந்தக் குழப்பம் எளிதில் நேரும்.

3. பக்கத்துக் கதிரைக்காரரின் அளவோடு ஒப்பிடுவது. சிலருக்கு இந்த மருந்தை உடைக்கும் நொதியம் கூடுதலாக வேலை செய்யும். ஒரே நிறையுள்ள இருவரில் ஒருவருக்கு ஏறக்குறைய இரட்டிப்பு அளவு தேவைப்படலாம்.

4. மற்ற மருந்துகள். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், புளுகொனசோல் அளவை ஏற்றும். காசநோய்க்கான ரிபாம்பிசின், வலிப்புக்கான பெனிற்றொயின், காபமசெப்பீன் பலமாக இறக்கும். பாமசியில் துண்டில்லாமல் வாங்கும் நோவுக்கான டைக்குளோபெனக் சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும். பம்பளிமாசுப் பழம் அளவை ஏற்றுவதால் அறவே வேண்டாம்.

5. "நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று விற்கப்படும் சூரணங்களும் பானங்களும். இங்கே அடக்கிவைத்திருப்பதே அந்தச் சக்தியைத்தான். நல்ல மனதோடு வாங்கிக் கொடுப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டும்.

6. விரதம். கந்தசஷ்டியில் ஆறு நாளும் தண்ணீரோடு இருப்பவர்கள் உண்டு. குளிசையைத் தள்ளிப்போடுவதும் நீர் வற்றுவதும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டைப் பாதிப்பு. விரதம் தொடங்கமுன் கிளினிக்கில் கேட்டு, குளிசை நேரம் மாறாத விதமாக மட்டும் இருக்கவேண்டும்.

7. வயிற்றோட்டம். பலர் எதிர்பார்க்காதது இது: வயிற்றோட்டத்தில் ரக்ரோலிமஸ் அளவு ஏறிவிடலாம். வாந்தியென்றால் மருந்து உள்ளே போயிருக்காது. இரண்டிலும் வீட்டில் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

காய்ச்சலுக்கும் அப்படியே. கார்த்திகை, மார்கழி மழையோடு வடக்கில் டெங்கு ஏறும் காலத்தில், மாற்றுச் செய்தவருக்கு வரும் காய்ச்சல் டெங்காக, சிறுநீர்த் தொற்றாக, காசநோயாக, நிராகரிப்பாக எதுவாகவும் இருக்கலாம். நிர்ப்பீடனம் அடங்கியிருப்பதால் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் இலேசாகவே காயும். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளையும் இவர்கள் தவிர்க்கவேண்டும்.

எல்லா உறுப்பும் ஒரே மாதிரி இல்லை

ஹட்சன் சில்வா தொடக்கிய கண்தானச் சங்கத்தால் இலங்கையருக்கு நன்கு பழகியது விழிவெண்படல மாற்று. அதற்கு எச்.எல்.ஏ. பொருத்தம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பலருக்குச் சொட்டு மருந்தே போதும். விழிவெண்படலத்தில் குருதிக் கலன்கள் இல்லாததால் ரீ கலங்கள் எளிதில் போய்ச் சேர்வதில்லை. ஈரல் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் உறுப்பு. நுரையீரலும் சிறுகுடலும் எதிர்மாறு: வெளியுலகக் கிருமிகளோடு எப்போதும் தொடர்பு, சொந்த நிணநீர்க்குழியங்களும் நிறைய. நிராகரிப்பும் அங்கே அதிகம். சிறுநீரகம் இவற்றுக்கு இடையில்.

முதற் சிறுநீரகம் பழுதானபின்

1943இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில், தீக்காயமடைந்த பெண்ணொருவருக்கு வேறொருவரின் தோலை ஒட்டிய ஆய்வாளர்கள் மெடவரும் கிப்சனும், அதே ஆளின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது அது இன்னும் விரைவாக அழிந்ததைக் கண்டார்கள். படையெடுத்த ரீ கலங்களில் ஒரு பங்கு நினைவுக் கலங்களாகத் தங்கிவிடுவதே காரணம். இவற்றுக்கு இரண்டாவது சமிக்ஞை அவ்வளவாகத் தேவையில்லை. அடுத்தமுறை நாட்கணக்கில் தயாராகவேண்டியதும் இல்லை.

ஆகவே முதல் மாற்று சில ஆண்டுகளில் பழுதாகி, நோயாளி டயலிசிசுக்குத் திரும்பும்போது, "இனி இந்தக் குளிசைகள் எதற்கு" என்று ஒரேயடியாக நிறுத்துவது பெரும் பிழையாகலாம். பழுதான சிறுநீரகம் இன்னும் உடலுக்குள் இருக்கிறது. மருந்து நின்றதும் அதற்கெதிரான பிறபொருளெதிரிகள் பெருகி, பொதுச் சனத்தொகையில் பொருந்தக்கூடிய கொடையாளரின் எண்ணிக்கையைச் சுருக்கிவிடும். இரண்டாம் மாற்றுக்குக் கொடுப்பவர் ஒருவர் இருந்தால், குறைந்த அளவில் மருந்தைத் தொடர்வதா, எதை முதலில் குறைப்பது, பிறபொருளெதிரிகளை எப்போது மறுபடி அளப்பது என்பவற்றை டயலிசிஸ் தொடங்கும் வாரத்திலேயே சிறுநீரக வைத்தியரோடு பேசி முடிவெடுக்கவேண்டும்.